புகை விடாத ஸ்கூட்டர்

அத்தியாயம் 6

மரச்சுத்தியலின் ஏழாவது அடிக்குத்தான் பிஸ்டன் அசைந்து கொடுத்தது.

"அப்பாடா!" என்றான் விசில். "எங்க மாமனார்கூட இவ்வளவு முரண்டு பிடிச்சதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக், பட்டறைத் தரையில் முட்டி போட்டு, சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து உருவி எடுத்தாள். பிஸ்டன் வெளியே தெரிந்ததும் அவள் முகம் சிவந்தது. அது அழுகை இல்லை, கோபம். முந்தாநாள் அவளே தன் கையால் மாட்டிய புத்தம் புது பிஸ்டன் அது. இப்போது யாரோ முள்கம்பியால் பிறாண்டியது போல உடம்பெல்லாம் கீறலாகக் கிடந்தது.

"பழைய பிஸ்டனைத் தேச்சுப் போட்டுட்டேனாம்! சொல்லிட்டுத் திரியறாரு டீச்சரோட அண்ணன், பெரிய மனுஷன்!" பிஸ்டனின் தலையைத் துணியால் துடைத்து நீட்டினாள். "பாருங்க, அளவு நம்பர் பொறிச்சிருக்கு. போர் பண்ணி, உள்ளே கடைஞ்சு அகலமாக்கின சிலிண்டருக்குப் போடற அளவு. பழசுல இந்த நம்பர் எங்கிருந்தும்மா வரும்?"

சர்வேயரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நம்பரைப் படித்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் அடிபட்ட வண்டிகளை ஆராய்ந்தவர். அந்த வேலையை விட்டு, தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் 'சர்வேயரம்மா' என்ற பெயர் அவரை விடவில்லை. அவருக்கு உதவியாள் விசில். முன்னாள் பஸ் கண்டக்டர். விசிலைப் பிடுங்கிக்கொண்டார்கள், வாயைப் பிடுங்க முடியவில்லை.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை எட்டரை மணிக்கு, பாலத்து ஏற்றத்தில் டீச்சரின் ஸ்கூட்டர் திடீரென்று நின்றுபோனது. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி சறுக்கி டீச்சரைத் தூக்கி எறிந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. முந்தின நாள் அந்த என்ஜினைப் பிரித்துச் சேர்த்தவள் மெக்கானிக். தெருவே அவளை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடும். டீச்சரின் அண்ணன் போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அதற்குள், பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கும் அந்த ஸ்கூட்டரைப் பிரித்து வேறு காரணம் காட்டாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, ஸ்பேனருக்கு ஜீப்.

இப்போது மணி ஒன்றேகால்.

சர்வேயரம்மாவுக்கு எரிச்சல் மூக்கு நுனியில் நின்றது. என்ஜினைத் திறந்து பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்களே! 'பொம்பளை கையில் என்ஜினைக் கொடுத்தால் இப்படித்தான்' என்று புகாரிலேயே ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்ததிலிருந்து அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"சுத்திவர எல்லாப் பக்கமும் உரசியிருக்கு," என்றார். "ஆயில் பட்டினியில செத்த பிஸ்டன் இது."

"ஆயில் நான் கலந்தேன்!" ஸ்பேனர் சீறினாள். "புது போர்னு வழக்கத்தைவிடக் கூடவே கலந்தேன். முக்கால் டேங்க் பெட்ரோல்ல கலந்து ஊத்திக் கொடுத்தேன். கைப்பிடியில அட்டைகூடக் கட்டி விட்டிருக்கேன், பாருங்க!"

நசுங்கிய கைப்பிடியில் அந்த அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. 'புது பிஸ்டன். ஐநூறு கிலோமீட்டர் வரை மெதுவாக.' பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல உருண்டை உருண்டையான எழுத்து.

சர்வேயரம்மா டேங்க் மூடியைத் திருகினார். பூட்டியிருந்தது. சாவி போட்டுத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். காய்ந்து கிடந்தது.

"வண்டி விழுந்தப்ப கொட்டிடுச்சுன்னு அண்ணன்காரர் புகார்ல எழுதியிருக்காரு," என்றான் விசில்.

"பூட்டின மூடி வழியா ஒரு டேங்க் பெட்ரோலா?"

"பெட்ரோலே பூட்டைத் திறந்து வெளிய நடந்து போயிருக்கும் மேடம்."

"போகும்போது மறக்காம பூட்டிட்டும் போயிருக்கு. நல்லா வளர்த்திருக்காங்க." சர்வேயரம்மா ஸ்பேனர் பக்கம் திரும்பினார். "டேங்கைத்தான் காலி பண்ணியிருக்காங்க. கார்புரேட்டரைத் தொட்டிருக்க மாட்டாங்க. அதோட அடிக்கிண்ணத்தைக் கழட்டு."

கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பூன் அளவு பெட்ரோல் தேங்கியிருந்தது. சர்வேயரம்மா தன் பையிலிருந்த புகார் நகலை எடுத்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி, கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு விட்டார். பக்கத்திலேயே, ஸ்பேனர் ஆயில் கலந்து வைத்திருந்த கேனிலிருந்து இன்னொரு சொட்டு விட்டார். பிறகு பேப்பரை வெயிலில் காட்டினார்.

கேனிலிருந்து விட்ட சொட்டு காய்ந்த இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று பளபளவென்று நின்றது. கார்புரேட்டரிலிருந்து விட்ட சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. வெறும் பெட்ரோல். அதில் ஆயில் வாசனைகூட இல்லை.

சாட்சி கிடைத்துவிட்டது, ஆனால் அது ஸ்பேனருக்கு எதிராகப் பேசியது.

"நீ உண்மையிலேயே கலந்தியா?" என்று சர்வேயரம்மா கேட்டார்.

ஸ்பேனர் எழுந்து நின்றாள். கையிலிருந்த துணியைத் தரையில் அறைந்தாள். "நீங்களுமா? போங்கம்மா. எல்லாரும் ஒண்ணுதான். அவளும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. அவ வண்டியில ஆயில் கலக்காம விடுவேனா? பேசாம நாலு மணிக்கு ஜீப்ல ஏத்தி விட்டுட்டுப் போங்க!"

"கத்து. நல்லா கத்து," என்றார் சர்வேயரம்மா. "பொய் சொல்றவங்களுக்கு இவ்வளவு கோபம் சீக்கிரம் வராது. விசில், கிளம்பு."

* * *

ஆஸ்பத்திரியில் டீச்சரின் கால் மாவுக்கட்டோடு தலையணை மேல் கிடந்தது. ஸ்பேனரின் பேச்சை எடுத்ததுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவளை நம்பித்தானே ஏறினேன். பழைய பிஸ்டனைப் போட்டு ஏமாத்திட்டா. இனிமே அவ முகத்துலயே முழிக்க மாட்டேன்."

"முழிக்க வேணாம். நாலு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவ ஆயில் கலந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். என் கண்ணு முன்னாடிதான் பெட்ரோல்ல கலந்து ஊத்தினா. அதை ஏன் மறைக்கணும்? அண்ணன்கிட்டயும் நேத்து அதைத்தான் சொன்னேன். 'பெட்ரோல்லயா கலப்பாங்க?'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம் வாங்கிட்டு வந்த டீயைக்கூடக் குடிக்கல. வண்டியைப் பாலத்துலேருந்து வீட்டுக்குக் கொண்டு வரணும்னு ஓடினாரு பாவம். என்மேல அவ்வளவு பாசம்."

"டீ மேல பாசம் இல்ல போல," என்றான் விசில். சர்வேயரம்மா அவன் காலை மிதித்தார்.

"நேத்துக் கிளம்பறதுக்கு முன்னாடி டேங்கைத் திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கழுத்து வரைக்கும் தளும்பிட்டு நின்னுச்சு."

"ஸ்பேனர் முக்கால் டேங்குதான் கொடுத்திருக்கா. அதுலயும் நீங்க வீடு வரைக்கும் ஓட்டியிருக்கீங்க. வழியில பெட்ரோல் போட்டீங்களா?"

டீச்சர் மெதுவாகத் திரும்பினாள். "இல்லையே."

"வண்டிச் சாவி எங்க இருக்கும்?"

"கூடத்துல, ஆணியில."

வெளியே வந்ததும் விசில் தலையைச் சொறிந்தான். "குறைய வேண்டிய பெட்ரோல் வளர்ந்திருக்கு மேடம். திருடிட்டுப் போனவங்களைப் பார்த்திருக்கேன். வந்து ஊத்திட்டுப் போற திருடனை இப்பத்தான் கேள்விப்படறேன்."

சர்வேயரம்மாவின் நடை வேகமானது. கோபம் வந்தால் அவர் வேகமாக நடப்பார். விசிலுக்கு மூச்சு வாங்கியது.

* * *

டீச்சர் வீட்டுக்கு எதிரே ஒரு சலவைக்கடை. வாசலில் இருந்த கொடிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கடைக்காரர் அவற்றுக்குக் காவல் இருப்பது போல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் வண்டியா? அதை ஏன் கேக்கறீங்க! அது கிளம்பினா நான் துணியை உள்ளே எடுக்கணும். அப்படிப் புகை. முந்தாநாள் சாயங்காலம் ரிப்பேர் முடிஞ்சு வந்துச்சு பாருங்க, முன்னைவிட மோசம். ரெண்டு விரிப்பை மறுபடியும் துவைச்சேன். அந்த மெக்கானிக்கை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன்."

"கேட்டீங்களா?"

"எங்க கேக்கறது? மறுநாள் காலையில டீச்சர் கிளம்பறாங்க, ஒரு பொட்டுப் புகை இல்ல! அடேயப்பா, ஒரே ராத்திரியில என்ஜின் பழகிடுச்சே, கைகாரிதான்னு மனசுக்குள்ள பாராட்டினேன். அடுத்த அரை மணியில விழுந்துட்டாங்கன்னு சேதி வருது."

விசிலின் வாய் திறந்தது. சர்வேயரம்மா கையை உயர்த்தி அவனை அடக்கினார்.

"ஆயில் எரிஞ்சாத்தான் புகை," என்றார் மெல்ல. "முந்தாநாள் சாயங்காலம் புகை வந்துச்சு. அப்போ ஸ்பேனர் ஆயில் கலந்தது நிஜம். மறுநாள் காலையில புகை நின்னுடுச்சு. எல்லாரும் நல்ல ரிப்பேருன்னு நினைச்சாங்க. அந்த நேரத்துலதான் அந்தப் பிஸ்டன் சாக ஆரம்பிச்சிருக்கு."

"அப்போ நடுவுல யாரோ…"

"பெரியவரே, இப்ப உங்க துணிக்கு நிம்மதிதானே?"

"எங்கம்மா நிம்மதி?" கடைக்காரர் கசப்போடு கையை விரித்தார். "ஒரு வண்டி திருந்தினா இன்னொண்ணு கெட்டுப் போகுது. இந்தத் தெருவுல என் விரிப்புக்குன்னே புகை பிறக்குது."

எந்த வண்டி என்று கேட்டார் சர்வேயரம்மா. கடைக்காரர் சொன்னார். கேட்டதும் சர்வேயரம்மாவின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"மேடம், இப்பவே போய்ச் சட்டையைப் பிடிச்சிடலாமா?"

"வேணாம். அவரே வருவாரு. அதே வண்டியில வருவாரு. அது சாட்சின்னு அவருக்குத் தெரியாது."

* * *

நாலு மணிக்கு முதலில் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. பின்னாலேயே டீச்சரின் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலில் ஷட்டில் ஆடும் கேன்வாஸ் ஷூ, முகத்தில் ஊருக்கே நியாயம் சொல்லப் பிறந்தவர் போன்ற களை. அவர் பைக்குக்குப் பின்னால் பட்டறை வாசல் வரைக்கும் நீலப் புகை ஒரு வால் போல நீண்டு கிடந்தது. விசில் நாடகத்தனமாக இருமினான்.

"என்னம்மா, பிரிச்சுப் பார்த்தாச்சா? பழைய பிஸ்டன்தானே?" என்றார் அண்ணன்.

"புது பிஸ்டன். ஆயில் இல்லாம செத்திருக்கு," என்றார் சர்வேயரம்மா.

"பார்த்தீங்களா சார்!" அண்ணன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ஆயிலே கலக்கல! நான் அப்பவே சொன்னேன். என் தங்கச்சி காலை உடைச்சுட்டா. சும்மா விடக்கூடாது சார் இவளை!"

ஸ்பேனர் சுத்தியலை இறுக்கிப் பிடித்தாள். விசில் மெதுவாக அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தான். ஜோக் அடிக்கவில்லை.

"சார், ரெண்டு நிமிஷம்," என்றார் சர்வேயரம்மா. "ஸ்பேனர், ஐயாவோட பைக்ல பிளக்கைக் கழட்டு. அப்படியே அதோட டேங்க்லேருந்து ஒரே ஒரு சொட்டு எடு."

"என் பைக்கை எதுக்குத் தொடணும்? அதுவா விழுந்துச்சு?"

"தொடட்டுமே," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிளக் கழன்று வந்தது. கரி பிடித்து, ஈரமாக, கன்னங்கரேலென்று இருந்தது. சர்வேயரம்மா புகார் நகலின் பின்பக்கத்தில் மூன்றாவது சொட்டை விட்டு, பேப்பரை வெயிலில் நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொட்டு காய்ந்தது. அங்கே பளபளவென்று ஓர் எண்ணெய் வட்டம் நின்றது.

"பைக் என்ஜினுக்கு ஆயில் அடியில தனியா இருக்கு சார். அதோட பெட்ரோல்ல ஆயில் கலக்க வேண்டிய அவசியமே இல்ல. இந்த ஸ்கூட்டருக்கு அப்படி இல்ல. பெட்ரோலோட கலந்து வர்ற ஆயில்தான் அந்தப் பிஸ்டனுக்குச் சோறு தண்ணி எல்லாம். இப்ப சொல்லுங்க. ஸ்பேனர் கலந்த ஆயில் எப்படி ஐயாவோட பைக்குக்குள்ள போச்சு?"

அண்ணனின் முகத்தில் களை போய்விட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"தங்கச்சி வண்டியிலேருந்து பெட்ரோல் திருடினீங்களா?"

அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது.

"திருடினேனா? யாரைப் பார்த்துத் திருடன்னு சொல்றீங்க?" அண்ணன் வெடித்தார். "விடிகாலையில ஷட்டில் ஆடப் போகணும், பைக்ல பெட்ரோல் இல்ல, பங்க் திறக்கல. ட்யூப் வச்சு இருந்ததையெல்லாம் எடுத்தேன். அவ எந்திரிக்கிறதுக்குள்ள கேன்ல வாங்கிட்டு வந்து திருப்பி ஊத்திட்டேன்! எடுத்ததைவிட அதிகமாவே ஊத்தினேன்! டேங்க் கழுத்து வரைக்கும்! ஒரு சொட்டு குறைச்சிருந்தா என்னைச் செருப்பால அடிங்க!"

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே இரண்டு விநாடி கழித்துத்தான் உறைத்தது.

"எடுத்ததோட நிறுத்தியிருந்தா," என்றான் விசில், "டீச்சர் வண்டி வாசல்லயே நின்னுருக்கும். பஸ்ல போயிருப்பாங்க. நீங்க நியாயஸ்தரா இருந்ததுதான் சார் வம்பாப் போச்சு."

"பெட்ரோல்னா பெட்ரோல்தானேன்னு நினைச்சேன்…" அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம செஞ்சதுக்கு உங்களை யாரும் ஒண்ணும் சொல்லல." சர்வேயரம்மா அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் குரலில் ஏறிவிட்டது. "நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரியில உங்க தங்கச்சி சொன்னாங்க, ஆயிலைப் பெட்ரோல்லதான் கலப்பாங்கன்னு. ரெண்டு தடவை கேட்டீங்களாமே? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதும் என்ன செஞ்சீங்க? ஓடிப்போய் டேங்கைக் காலி பண்ணிட்டு, பழக்க தோஷத்துல மூடியையும் பூட்டினீங்க. அப்புறம் நேரா ஸ்டேஷனுக்குப் போய், பொம்பளை கையில என்ஜினைக் கொடுத்தா இப்படித்தான்னு எழுதினீங்க. எழுதின கை கூசலையா உங்களுக்கு?"

அண்ணன் தலை குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் புகார் நகலை வாங்கி முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"பொய்ப் புகார் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? ஜீப்ல ஏறுங்க."

"ஒரு நிமிஷம் சார்." இது ஸ்பேனர். அண்ணனை நேருக்கு நேர் பார்த்தாள். "இவரு எனக்கு மன்னிப்புச் சொல்ல வேணாம். அவளுக்கு போன் போட்டு, இப்ப இங்க சொன்னதை அப்படியே அவகிட்ட சொல்லட்டும். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. என்னைத்தான் ஒரே நாள்ல வேணாம்னுட்டாளே."

அண்ணன் போனை எடுத்தார். "அம்மாடி… அந்தப் பெட்ரோலு…" என்று ஆரம்பித்து, இரண்டு தடவை தொண்டையைச் செருமி, ஷட்டில், ட்யூப், கேன், டேங்க் என்று ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தார். சொல்லி முடிக்கும்போது அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

பிறகு போனை சர்வேயரம்மாவிடம் நீட்டினார். "ஸ்பேனர்கிட்ட கொடுக்கச் சொல்றா."

"கை முழுக்க ஆயில்," என்றாள் ஸ்பேனர். போனைப் பார்க்காமல் குனிந்து சிலிண்டரை எடுத்தாள்.

சர்வேயரம்மா குனிந்து போனை அவள் காதோடு வைத்துப் பிடித்தார். டீச்சர் அழுவது பக்கத்தில் நின்ற விசிலுக்கும் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. 'மன்னிச்சிடு' என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஸ்பேனர் சிலிண்டருக்குள் விரலை விட்டு, கீறல்களின் ஆழத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அழாத. காலை ஆட்டாத," என்றாள் கடைசியில். "வண்டிக்கு மறுபடியும் போர் பண்ணணும். அடுத்த அளவு பிஸ்டன் போடணும். நானே பண்றேன், வேற யாரும் தொட வேணாம்."

மறுமுனை ஏதோ கேட்டது.

"கோபமா? இருக்கு. நிறைய இருக்கு. ஒரு வார்த்தை என்னைக் கேட்டியாடி நீ?" ஸ்பேனர் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் ஆயில் தீற்றியது. நசுங்கிய கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா கேட்டுக்கோ. நானும் இப்ப புது பிஸ்டன்தான். ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் உன்கிட்ட மெதுவாத்தான் பேசுவேன்."